பழைய உழவு மெசின்ல தண்ணி குறையுதா? எஞ்சினைப் பிரிக்க முதல் ஒழுக்கைப் பிடிக்கிற முறை

திருகோணமலைப் பக்கம் தம்பலகாமம், கந்தளாய், மூதூர், சேருவில, அல்லை எண்டு எந்த வட்டைக்குப் போனாலும் பழைய மெஸி பெர்கஸன் 135 டிராக்டர் ஒண்டு சேத்துக்குள்ள நிக்கும், வரம்புல அஞ்சு லீட்டர் கான் ஒண்டும் நிக்கும். டிரைவர் கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா வந்து மூடியைத் திறந்து ஊத்திப்போட்டுப் போவார். கேட்டா "பழைய மெசின்தானே, தண்ணி குடிக்கும்" எண்டு சொல்லுவார். மெசின் தண்ணி குடிக்காது. மூடி போட்டு அடைச்ச ஒரு சுத்துக்குள்ள ஓடுற தண்ணி குறையுதெண்டா எங்கயோ ஒரு வழியால போகுது, அந்த வழி மொத்தம் மூண்டுதான்: வெளியால நிலத்துக்கு, உள்ளால ஒயிலுக்கு, இல்லாட்டி சிலிண்டருக்குள்ள போய் சைலன்சரால ஆவியா. எந்த வழியெண்டு தெரிஞ்சாப் பிறகுதான் ஸ்பானரைத் தூக்க வேணும். நம்மட பக்கம் நடக்கிறது மற்றப்பக்கம், முதல் நாளே எஞ்சின்ட மேல் பாகமான ஹெட்டைக் கழட்டி, அதுக்குக் கீழ இருக்கிற அடைப்புத் தகடான காஸ்கட்டை மாத்துவாங்க, ரெண்டு கிழமையால திரும்பத் தண்ணி குறையும், கடைசியில பார்த்தா அஞ்சு நிமிச வேலை ஓஸ் கிளிப்பா இருக்கும்.

இன்னொரு விசயத்தையும் முதல்ல சொல்லிப்போடுறன். பழைய எஞ்சின்ல ஒழுக்கு எல்லா நேரமும் தெரியாது. சில ஒழுக்கு ஆறி இருக்கேக்க மட்டும் வரும், சூடாகினா இரும்பு விரிஞ்சு தானாவே அடைபடும். சிலது சூடாகி உள்ள பிரஷர் ஏறினாப் பிறகுதான் வரும். சிலது எஞ்சினை நிப்பாட்டினாப் பிறகு. அதால ஒருக்கா குனிஞ்சு பார்த்திட்டு "ஒண்டுமில்ல" எண்டு எழும்பக் கூடாது, மூண்டு நிலையிலயும் பார்க்க வேணும்.

அளவு பார்க்கிறது

இந்தப் பழைய மெசின்களுக்கு இப்ப வாற கார் மாதிரி பக்கத்துல எக்ஸ்ட்ரா தண்ணிப் போத்தல் இல்ல. தண்ணி சூடானா விரியும், விரிஞ்ச தண்ணி கழுத்துல இருக்கிற மெல்லிய பைப்பால கீழ ஊத்துப்படும். கழுத்து முட்ட ஊத்தினீங்கண்டா மெசின் சூடாக சூடாக மிச்சத்தைத் துப்பிப்போடும், அடுத்த நாள் திறந்து பார்த்தா ஒரு அங்குலம் குறைஞ்சு கிடக்கும், நீங்க திரும்ப முட்ட ஊத்துவீங்க, அது திரும்பத் துப்பும். ஒழுக்கே இல்லாத மெசினுக்கு வருசக்கணக்கா "ஒழுக்கு" பார்த்துக்கொண்டு திரியிறவங்க இருக்கிறாங்க. ஆறின எஞ்சின்ல ரேடியேட்டருக்குள்ள தெரியிற டியூப் வாய் மறையிற அளவுக்கு, கழுத்துக்கு ஒரு அங்குலம் கீழ தண்ணி நிண்டாக் காணும்.

தென்னை ஈர்க்கு ஒண்டு எடுங்க. கழுத்தால விட்டு டியூப்ல முட்டினதும் வெளிய எடுத்து, நனைஞ்ச இடத்துல நகத்தால ஒரு கீறு போடுங்க. அந்த ஈர்க்கை டூல் பெட்டிக்குள்ள வைச்சு, வேலைக்குப் போக முதல் ஒருக்கா, வேலை முடிஞ்சு மெசின் வடிவா ஆறினாப் பிறகு ஒருக்கா, அடுத்த நாள் விடிய ஸ்டார்ட் பண்ண முதல் ஒருக்கா அதே ஈர்க்கால பாருங்க. கொஞ்ச நாள் எழுதி வைச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. ராத்திரி சும்மா நிக்கேக்க குறைஞ்சா ஓஸ், ரேடியேட்டர் அடி, டிரெயின் டெப், வோட்டர் பம்ப், இல்லாட்டி ஒயிலுக்குள்ள இறங்குது. வேலை செய்யேக்க மட்டும் குறைஞ்சா மூடி, ரேடியேட்டர் அடைப்பு, ஹெட் காஸ்கட் பக்கம் சந்தேகப்படுங்க.

மூடி திறக்கிறதைப் பற்றி ஒரு வார்த்தை. 135க்கு 7 பீ.எஸ்.ஐ. பிரஷர் வரைக்கும் பிடிச்சு வைக்கிற மூடி. அந்தப் பிரஷர்ல தண்ணி 100ல கொதிக்காது, 111 பாகை செல்சியஸ் கிட்டப் போனாத்தான் கொதிக்கும். அப்ப உள்ள 105 பாகையில தண்ணி அமைதியா நிக்கலாம், மூடியைத் திருப்பின அந்தச் செக்கன்ல பிரஷர் போய் அவ்வளவும் ஒரேயடியாக் கொதிச்சு முகத்துக்கு வரும். மேல் ஓஸைக் கையால அமத்திப் பாருங்க, கல்லு மாதிரி இறுக்கமா இருந்தா திறக்காதீங்க. அவசரமெண்டா ஈரச் சாக்கைப் போட்டு, முகத்தை விலத்தி, முதல் தட்டு வரைக்கும் மட்டும் திருப்பி, சீறுறது அடங்கினாப் பிறகு மிச்சம். சூட்டு எஞ்சினுக்குப் பச்சைத் தண்ணியை மளமளவெண்டு ஊத்துறதும் வேண்டாம், ஹெட் வெடிக்கிறது இப்பிடித்தான்.

வெளி ஒழுக்கு

முதல்ல மெசினைக் கழுவுங்க. சேறும் டீசலும் கிரீஸும் ஒட்டின எஞ்சின்ல ஒழுக்குத் தேடுறது வீண் வேலை. கழுவி வெயில்ல காயவிட்டு, பின்னேரம் எஞ்சினுக்குக் கீழ முழு நீளத்துக்கும் காட்போட் மட்டை விரிச்சு, ஒவ்வொரு மட்டையிலயும் எது முன்பக்கம் எண்டு குறிச்சு விடுங்க. விடிய ஈரம் எங்க நிக்குதோ அதுக்கு நேர மேல தேட வேணும். ஆனா எஞ்சின் ஓடேக்க வாற ஒழுக்குக்கு இந்தக் கணக்குச் சரிவராது, ஃபேன் காத்து முன்னால ஒழுகுற தண்ணியைப் பின்னுக்கு அடிச்சுக்கொண்டு போய் பிளொக்கெல்லாம் பூசிப்போடும். ஈரம் கண்ட இடத்துல நிக்காம, ஈரத்தின்ட ஆக மேல, ஆக முன்னுக்கு உள்ள நுனியைத் தேடிப் போங்க. ஒழுகிக் காய்ஞ்ச இடத்துல துரு நிறத்துலயோ, உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாவோ, கூலண்ட் போட்ட மெசினெண்டா பச்சையாவோ ஒரு கோடு இருக்கும், அது பொய் சொல்லாது.

ஓஸைப் பார்க்கிறதெண்டா கிளிப்புக்குப் பக்கத்துல மடக்கிப் பாருங்க, வெடிப்பு அங்கதான் ஒளிச்சிருக்கும். கீழ் ஓஸ் ஒயில் பட்டு ஊறி மெதுமெதுவெண்டு இருந்தா ஒழுகாட்டியும் மாத்துங்க, ஏனெண்டா அது பம்ப் உறிஞ்சிற பக்கம், ரேஸ் பண்ணேக்க உள்ளுக்கு ஒட்டிக்கொள்ளும், தண்ணி சுத்தாது. கிளிப்பை இறுக்கியும் ஒழுகுதெண்டா ஓஸைக் கழட்டி, அது ஏறி இருக்கிற இரும்புக் கழுத்தைப் பாருங்க. துரு அரிச்சுக் குழி விழுந்திருந்தா எந்தக் கிளிப்பும் நிக்காது.

தேமோஸ்டட் (எஞ்சின் சூடாகும் வரைக்கும் தண்ணி ஓட்டத்தை அடைச்சு வைக்கிற வால்வ்) மூடி அடுத்தது. அதுக்குக் கீழ இருக்கிற பேப்பர் காஸ்கட் காய்ஞ்சா சூட்டுல மட்டும் கசியும், கசிஞ்ச தண்ணி சூட்டு ஹெட்ல பட்டு உடன ஆவியாப் போறதால நிலத்துல ஒரு துளியும் காண மாட்டீங்க, காய்ஞ்ச கறை மட்டும்தான் சாட்சி. எஞ்சின் சூடாகுதெண்டு தேமோஸ்டட்டையே கழட்டி எறிஞ்ச மெசின்கள்தான் இங்க கனக்க. இது நல்ல வேலை இல்ல, எஞ்சின் சரியான சூட்டுக்கு வராம ஓடினா லைனர் (பிஸ்டன் ஓடுற சிலிண்டர் குழாய்) தேய்வு கூடும், ஒயிலும் கெதியா நாசமாகும்.

வோட்டர் பம்புக்கு அடியில சின்ன ஓட்டை ஒண்டு இருக்கும். அது உள் சீல் போச்சுதெண்டு காட்டுறதுக்காகவே கொம்பனி வைச்ச ஓட்டை. அதால தண்ணி சொட்டினா பம்ப் சீல் முடிஞ்சுது, வேற கதை இல்ல. அதை சோப்பும் எம்சீலும் வைச்சு அடைச்சு ஓடுறவங்க இருக்கிறாங்க. அடைச்சா தண்ணி வெளிய வர வழியில்லாம பெயாரிங்குக்குள்ள போகும், கிரீஸ் கழுவுப்படும், பெயாரிங் உடைஞ்சு ஃபேன் முன்னுக்குப் போய் ரேடியேட்டரைக் கிழிக்கும். சீலுக்குப் போற காசு ரேடியேட்டரோட சேர்ந்து போகும். எஞ்சின் நிண்டிருக்கேக்க ஃபேன் இலையை முன்னுக்குப் பின்னுக்கு ஆட்டிப் பாருங்க, ஆட்டம் தெரிஞ்சா ஓட்டையால தண்ணி வராட்டியும் பம்பைக் கழட்டுங்க. ஃபேன் பெல்ட்டைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டுறதும் இந்தப் பெயாரிங்கைத்தான் கொல்லும்.

பிளொக் பக்கத்துல வட்டமா தகரச் சில்லு அடிச்ச மாதிரி, தண்ணி ஓடுற வழியின்ட ஓட்டையை அடைச்சு வெல்ஷ் பிளக் இருக்கும். துரு உள்ளால தின்னுறதால வெளியால பெயின்ட் நல்லாத்தான் தெரியும். சின்ன ஸ்குரூடிரைவர் பிடியால தட்டிப் பாருங்க, மெல்லிசாப் போயிருந்தா சத்தமே வேற. சில எஞ்சின்ல பின்பக்கமும் ஒண்டு இருக்கும், கிளச் பெட்டிக்குள்ள மறைஞ்சு. கிளச் பெட்டிக்கு அடியில உள்ள ஓட்டையால ஒயில் வராம தண்ணி வந்தா அதை நினையுங்க. அதுக்கு மெசினை நடுவால பிரிக்க வேணும், அதால மற்ற எல்லாத்தையும் பார்த்து முடிச்சாப் பிறகு.

ரேடியேட்டரும் மூடியும்

மூடியைப் புரட்டிப் பாருங்க. ரப்பர் வளையம் வெடிச்சிருந்தாலோ ஸ்பிரிங் இளகியிருந்தாலோ பிரஷர் நிக்காது, தண்ணி முன்னமே கொதிச்சு கழுத்துல இருக்கிற மெல்லிய பைப்பால போகும். ஆக மலிவான சாமான் இதுதான், ஆனா ஆக கடைசியா மாத்துறதும் இதைத்தான். அளவு கூடின மூடி போட்டா நல்லதெண்டு நினைச்சு கார் மூடி போடாதீங்க, கூடின பிரஷரைப் பழைய ரேடியேட்டர் ஈயப் பத்து தாங்காது.

நம்மட பக்கம் இன்னொரு பிரச்சினை பதர். கச்சான் காத்து அடிக்கிற காலத்துல சூடடிச்ச தூசும் வைக்கோல் துண்டும் ரேடியேட்டர் முகத்துல பாய் பின்னின மாதிரி ஒட்டும், காத்து போகாது, தண்ணி கொதிக்கும், கொதிச்சுத் துப்பும். ஓட்டை தேடுறதுக்கு முதல் ஃபேன் பக்கத்தால இருந்து முன்னுக்குத் தண்ணி பீச்சிக் கழுவுங்க, முன்னால இருந்து பீச்சினா இன்னும் உள்ளுக்குத்தான் போகும்.

கழட்டின ரேடியேட்டரைச் சோதிக்கிறதுக்கு மேல் வாய், கீழ் வாயை டயர் டியூப் ரப்பர் வைச்சுக் கட்டி அடைச்சு, மெல்லிய பைப்பால காத்து விட்டு, தண்ணித் தொட்டிக்குள்ள தாட்டு குமிழி வாற இடத்தை மார்க் பண்ணுங்க. 7 பீ.எஸ்.ஐ.க்கு மேல வேண்டாம். கராஜ் கொம்பிரசரை நேராப் பிடிச்சா மேல் டேங்க் பத்து விட்டு எழும்பும்.

பிரஷர் டெஸ்ட்

வெளியால ஒண்டும் பிடிபடல்ல எண்டா இதுதான் வழி. டெஸ்டர் உள்ள கராஜ் டவுன்ல இருக்கு, இல்லாட்டி பழைய மூடி ஒண்டுல ஓட்டை போட்டு டியூப் வால்வ் ஒண்டை இறுக்கி, உள்ள பிரஷர் விடுற வால்வை அடைச்சு, கால் பம்பால அடிக்கலாம். கேஜ் சின்ன அளவு காட்டுறதா இருக்க வேணும், பெரிய டயர் கேஜ்ல 7 எண்டது ஊசி அசையிற அளவுதான். கழுத்துல இருக்கிற அந்த மெல்லிய பைப்பையும் அடைக்க மறக்காதீங்க. ஆறின எஞ்சின்ல 7 ஏத்திக் கால் மணித்தியாலம் விடுங்க, பிறகு மெசினை ஓட்டி இளஞ்சூடாக்கி நிப்பாட்டித் திரும்ப ஒருக்கா. ஊசி நிண்டா நல்லது. ஊசி இறங்குது, டோர்ச் அடிச்சுப் பார்த்தா வெளியால எங்கயும் துளி இல்ல, அப்ப உள்ளுக்குத்தான் போகுது.

ஒயிலுக்குள்ள போகுதா?

டிப் ஸ்டிக்கை எடுங்க. ஒயில் அளவு ஊத்தாமலே ஏறியிருக்கா? பால் தேத்தண்ணி நிறத்துல இருக்கா? ரெண்டுல ஒண்டு இருந்தாலும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீங்க, தண்ணி கலந்த ஒயில் மெயின் பெயாரிங்கைக் கெதியா முடிச்சுப்போடும். ஒயில் மூடிக்குக் கீழ மட்டும் கொஞ்சம் வெள்ளையாப் பிடிச்சிருந்தா பயப்படாதீங்க, மாரி காலத்துல கொஞ்சத் தூரம் ஓடி நிப்பாட்டுற மெசினுக்கு வாற வேர்வை அது.

உறுதிப்படுத்த ரெண்டு வழி. ராத்திரி முழுக்க அசையாம விட்டு விடிய சம்ப் (எஞ்சின் அடியில ஒயில் நிக்கிற தட்டு) நட்டை மெதுவா இளக்குங்க, தண்ணி பாரம் கூட எண்டதால அடியில நிக்கும், ஒயிலுக்கு முதல் தண்ணிதான் வரும். மற்றது டிப் ஸ்டிக்ல இருந்து ஒரு சொட்டை சூட்டுத் தகரத்துல விடுங்க, சும்மா புகைஞ்சா ஒயில், படபடவெண்டு வெடிச்சா தண்ணி. டீசல் கலந்தாலும் அளவு ஏறும், ஆனா அது வெடிக்காது, ஒயில் தண்ணியா ஓடும், மணமும் காட்டிக்குடுக்கும்.

இப்ப எங்கால போகுது எண்ட கேள்வி. இங்க எஞ்சின் வகை தெரியாட்டி மெக்கானிக் சொல்றதுக்கெல்லாம் தலையாட்ட வேண்டி வரும். 135ல உள்ள பேர்கின்ஸ் மூண்டு சிலிண்டர் 152 எஞ்சின் உலர் லைனர், அதாவது தண்ணி லைனர்ல நேராப் படாது. அந்த எஞ்சினுக்கு "லைனர் அடி ஓ ரிங் போச்சு" எண்டு யாராவது சொன்னா அவருக்கு எஞ்சின் தெரியாது. அதே மெஸி 35ல முந்தி வந்த நாலு சிலிண்டர் ஸ்டாண்டர்ட் டீசல் எஞ்சின் ஈர லைனர், அதுல லைனர் அடிச் சீலால சம்புக்குத் தண்ணி இறங்கும். ஈர லைனருக்கு இன்னொரு வருத்தமும் வரும், வெறும் தண்ணியில ஓடி ஓடி லைனரின்ட வெளிப்பக்கம் ஊசி குத்தின மாதிரிக் குழி விழுந்து கடைசியா உள்ளுக்கு ஓட்டையாகும்.

இடம் பிடிக்க, ஒயிலை இறக்கி, சம்பைக் கழட்டி, ரேடியேட்டருக்குப் பிரஷர் ஏத்திப்போட்டு, மெசினுக்குக் கீழ படுத்து டோர்ச் அடிச்சுப் பார்த்துக்கொண்டு இருங்க. மெசின் உருளாமச் சில்லுக்குக் கட்டை வைச்சு, எஞ்சினுக்குக் கீழ ஸ்டேண்ட் குடுத்துத்தான் படுக்க வேணும். லைனர் வெளிப்பக்கத்தால சொட்டினா சீல் இல்லாட்டி பிளொக் வெடிப்பு. பிஸ்டன் பக்கத்தால வடிஞ்சா ஹெட் காஸ்கட் அல்லது லைனர் ஓட்டை. புஷ் ரொட் (வால்வைத் தள்ளுற கம்பி) போற வழியால வடிஞ்சா ஹெட் அல்லது காஸ்கட். பொறுமை வேணும், சில ஒழுக்கு ஒரு துளி விழ அரை மணித்தியாலம் எடுக்கும்.

ரேடியேட்டர் தண்ணியில ஒயில் மிதக்கிறது தனிக் கதை. ஓடேக்க ஒயில் பிரஷர் தண்ணிப் பிரஷரைவிடக் கனக்கக் கூட, அதால ஒயில் தண்ணிக்குள்ள போகும். நிப்பாட்டினா ஒயில் பிரஷர் உடன விழும், தண்ணிப் பிரஷர் நிக்கும், அப்ப தண்ணி ஒயிலுக்குள்ள போகும். ரெண்டு பக்கமும் கலந்திருந்தா ஒயில் போற வழிக்குப் பக்கத்துல காஸ்கட் போயிருக்க வாய்ப்புக் கூட.

சிலிண்டருக்குள்ள போகுதா?

ஆறின எஞ்சின்ல ஃபேன் பெல்ட்டைக் கழட்டுங்க, பம்ப் சுத்தினா அதுவே தண்ணியைக் கலக்கிப்போடும். தண்ணியைக் கழுத்து மட்டும் ஊத்தி, மூடி போடாம ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் ரேஸ் பண்ணிக் கழுத்தைப் பாருங்க. முதல்ல வாற ஒண்டு ரெண்டு குமிழியை விடுங்க, அது அடைபட்ட காத்து. நிக்காம ஒரே சீரா குமிழி வந்தா சிலிண்டர் காஸ் தண்ணிக்குள்ள போகுது, ஹெட் காஸ்கட் அல்லது ஹெட் வெடிப்பு. பெல்ட் இல்லாம ரெண்டு நிமிசத்துக்கு மேல ஓட வேண்டாம்.

எந்த சிலிண்டரெண்டும் பிடிக்கலாம். சிலிண்டருக்குள்ள டீசல் அடிக்கிற இன்ஜெக்டர் பைப்புகளை ஒவ்வொரு நட்டா கொஞ்சம் இளக்கி அந்த சிலிண்டரை நிப்பாட்டுங்க, எதை இளக்கேக்க குமிழி குறையுதோ அதுதான். துணி போட்டு மூடி இளக்குங்க, விரலைக் கிட்ட வைக்காதீங்க. அந்தப் பைப் டீசல் பிரஷர் தோலைத் துளைச்சு உள்ளுக்குப் போகும், வெளியால சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனா உடன ஆஸ்பத்திரிக்குப் போகாட்டி விரலே போகலாம்.

வெள்ளைப் புகையைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீங்க. தண்ணி ஆவி கொஞ்சத் தூரத்துல காத்தோட மறைஞ்சுபோகும். எரியாத டீசல் புகை தொங்கிக்கொண்டு நிக்கும், கண் எரியும், அது இன்ஜெக்டர் கோளாறு.

ராத்திரி நிண்ட மெசின் விடிய செல்ஃப் அடிக்க "டக்" எண்டு இறுகி நிண்டா அதோட கையை எடுங்க. திரும்பத் திரும்ப அடிக்கிறதும், இன்னொரு மெசினால இழுத்து ஸ்டார்ட் பண்ணுறதும் வேண்டவே வேண்டாம். பிஸ்டனுக்கு மேல தண்ணி நிண்டா அது அமுங்காது, கனெக்டிங் ரொட்தான் வளையும். இன்ஜெக்டரைக் கழட்டி, கையால மெதுவா சுத்துங்க, தண்ணி இருந்தா பீச்சிக்கொண்டு வரும், எந்த ஓட்டையால வந்ததெண்டும் தெரியும்.

ஹெட் கழட்டினாப் பிறகு

காஸ்கட்டைத் தூக்கி எறிய முதல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, கருகின வழி எங்கயெண்டு அதிலயே எழுதியிருக்கும். பழைய செம்புக் காஸ்கட்டுகள்ல அஸ்பெஸ்டஸ் இருக்கும், காய்ஞ்சபடி சுரண்டித் தூசி கிளப்பாதீங்க, நனைச்சு எடுங்க. ஹெட்டுக்கு மேல நேர்ச் சட்டம் வைச்சு ஃபீலர் கேஜால குறுக்கும் மறுக்கும் பாருங்க, வளைவு இருந்தா லேத்ல முகம் எடுக்காமப் புதுக் காஸ்கட் போடுறது காசைக் குப்பையில போடுறது. வால்வ் ரெண்டுக்கும் நடுவுல முடி மாதிரி வெடிப்பு வரும், சுத்தமாக்கிப் பார்த்தாத்தான் தெரியும், சந்தேகமெண்டா ஹெட்டைப் பிரஷர் டெஸ்டுக்குக் குடுங்க. நட்டை அந்த எஞ்சின் புத்தகத்துல உள்ள டோர்க் அளவுக்கு, நடுவுல இருந்து வெளியால, மூண்டு தரமா இறுக்குங்க. கொஞ்சம் ஓடினாப் பிறகு திரும்ப இறுக்கச் சொல்லியிருந்தா அதையும் செய்யுங்க. கைப்பழக்கத்துல இறுக்கிற பாஸ்மார் தங்கட மெசினுக்கு அப்பிடி இறுக்கட்டும்.

மஞ்சள் தூளும் கிணத்துத் தண்ணியும்

ரேடியேட்டருக்குள்ள மஞ்சள் தூள் போடுறது, ஸ்டொப் லீக் ஊத்துறது, இதெல்லாம் வயலுக்குள்ள இருந்து வீட்ட வந்து சேர மட்டும். ஊசி ஓட்டையை அடைக்கிற அதே தூள் டியூபையும் அடைக்கும். வந்து சேர்ந்ததும் முழுக்கக் கழுவி எடுங்க.

ஊத்துற தண்ணி முக்கியம். நிலாவெளி, குச்சவெளி கரையோரக் கிணறு எண்டா உப்புத் தண்ணி, ரேடியேட்டரையும் வெல்ஷ் பிளக்கையும் அரிச்சுப்போடும். உள்ளுக்குக் கந்தளாய்ப் பக்கம் போனா கேத்தில்ல வெள்ளைக் கல்லுப் பிடிக்கிற தண்ணி, அதே கல்லு ஹெட்டுக்குள்ளயும் பிடிக்கும். மழைத் தண்ணி பிடிச்சு வைச்சு ஊத்துங்க, இல்லாட்டி ஆர்.ஓ. தண்ணி. 135க்கு மொத்தமே பத்து லீட்டர் கிட்டத்தான் பிடிக்கும், பெரிய செலவில்ல. அதோட கூலண்ட் பாதிக்குப் பாதி. நமக்குப் பனி இல்லையே, எதுக்கு கூலண்ட் எண்டு கேக்கிறவங்களுக்கு, நமக்கு வேண்டியது அதுக்குள்ள இருக்கிற துரு மருந்து.

கனகாலம் வெறும் தண்ணியில ஓடின எஞ்சினைக் கழுவினீங்கண்டா முந்தி ஒழுகாத இடத்துல ஒழுகத் தொடங்கலாம். துருதான் ஓட்டையை அடைச்சுக்கொண்டு நிண்டிருக்கும். அதால உழவு தொடங்குறதுக்கு முதல் நாள் கழுவாதீங்க, வெள்ளாமை வெட்டி முடிஞ்சு மெசின் சும்மா நிக்கிற காலத்துல கழுவி, பிரஷர் டெஸ்டைத் திரும்ப ஒருக்கா செய்யுங்க. இறக்கின பழைய கூலண்டை முத்தத்துல ஊத்த வேண்டாம், இனிப்பா இருக்கிறதால நாயும் ஆடும் மாடும் நக்கும், நக்கினா சிறுநீரகம் போய்ச் செத்துப்போகும். மூடி உள்ள கான்ல பிடிச்சு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்துல வைங்க, பழைய ஒயில் எடுக்க வாறவங்கட கானுக்குள்ளயும் கலக்காதீங்க.